கர்நூலிலிருந்து மதுரைக்கு வந்த சண்டை

2003 சங்கராந்திக்கு ஆந்திராவில் 'ஒக்கடு' வெளியானது. குணசேகர் இயக்கம், மகேஷ்பாபு கதாநாயகன். ஹைதராபாத்தில் கபடி ஆடித் திரியும் பையன் கர்நூலுக்குப் போகிறான். ஊரையே மிரட்டி வைத்திருக்கும் ஓபுல் ரெட்டியிடம் சிக்கிய பெண்ணை மீட்டுத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்து ஒளித்து வைக்கிறான். கர்நூலின் அடையாளமான கொண்டாரெட்டி கொத்தளத்தின் முன்னால்தான் அவனும் ஓபுல் ரெட்டியும் முதன்முதலாக மோதிக்கொள்கிறார்கள்.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் அதே கதை 'கில்லி' ஆனது. தரணி இயக்கம், விஜய், த்ரிஷா. இரண்டு மொழியிலும் வில்லன் பிரகாஷ்ராஜ்தான். ஹைதராபாத் இருந்த இடத்தில் சென்னை வந்தது. சார்மினாருக்குப் பதில் கலங்கரை விளக்கம். ஓபுல் ரெட்டி முத்துப்பாண்டி ஆனான். கர்நூல் மதுரை ஆனது.

இந்தக் கடைசி மாற்றத்தை அன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு படம் மொழி மாறும்போது ஊர்ப் பெயர் மாறுவது வழக்கம்தானே. ஆனால் அன்று இடம் மாறியது வெறும் பெயரல்ல. ராயலசீமாவில் கிராமத்துப் பெரிய குடும்பங்கள் ஆள்படை வைத்துக்கொண்டு, நாட்டு வெடிகுண்டு வீசி, தலைமுறை கணக்கில் ஒருவரையொருவர் கருவறுத்த ஒரு வரலாறு உண்டு. அங்கே அதை 'ஃபேக்‌ஷன்' என்பார்கள். தெலுங்கு சினிமா அதைத் தனி வகைப் படமாகவே வளர்த்தது. 1999-ல் 'சமரசிம்மா ரெட்டி', 2001-ல் 'நரசிம்ம நாயுடு', 2002-ல் 'இந்திரா' என்று வரிசையாக வெற்றி. புழுதி கிளப்பி வரும் சுமோ வண்டிகள், வெள்ளை வேட்டி, மீசை, ஒரே வீச்சில் பறக்கும் தலை எல்லாம் அந்தப் படங்களின் சொத்து. மதுரையிலும் சண்டை உண்டு, கொலை உண்டு. இல்லை என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் அந்த ராயலசீமாப் பகை மதுரையின் கதை கிடையாது. அது இரவல் சரக்கு. இரவல் வாங்கிய சரக்கை நம் ஊர்ப் பெயர் ஒட்டி நமக்கே விற்றார்கள். நாமும் வாங்கினோம்.

நான் மதுரையில் பிறந்து வளர்ந்தவன். சென்னையில் வாடகைக்கு வீடு தேடி அலைந்த காலத்தில் 'சொந்த ஊர் எது தம்பி?' என்ற கேள்வி வராத வீடு இல்லை. 'மதுரை' என்றதும் எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு நொடி தயக்கம் ஓடும். அடுத்த நொடி சிரிப்பு. 'அருவா ஏதும் கொண்டாரலையே?' என்பார்கள். விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் அந்தச் சிரிப்புக்கு முன்னால் வந்த தயக்கம் விளையாட்டல்ல. அலுவலகத்தில் குரல் கொஞ்சம் உயர்ந்தால் 'மதுரைக்காரன்ல, அப்படித்தான் இருப்பான்' என்பார்கள். பெண் கேட்டுப் போனால் 'மதுரைப் பக்கமா... யோசிச்சுச் சொல்றோம்' என்பார்கள். ஊரைச் சொன்னவுடன் மனிதனைப் படித்து முடித்துவிட்ட திருப்தி அவர்களுக்கு. அந்தப் பாடத்தை அவர்களுக்கு எடுத்தவர் யார் என்று யோசித்தால் பதில் தியேட்டரில்தான் இருக்கிறது.

இத்தனைக்கும் திரையில் மதுரை எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1965-ல் வந்த 'திருவிளையாடல்' காட்டிய மதுரை, புலவர்கள் வாதம் செய்கிற மதுரை. பாட்டில் குற்றம் இருந்தால் எதிரே நிற்பது சிவபெருமானே ஆனாலும் குற்றம் குற்றமே என்று நக்கீரர் நின்ற ஊர். ஏ.பி.நாகராஜன் இயக்கிய அந்தப் படத்தைப் பார்த்த தலைமுறைக்கு மதுரை என்றால் மீனாட்சியும் சங்கப் பலகையும்தான் நினைவுக்கு வந்தன. இசை என்று எடுத்தால் எம்.எஸ்.சுப்புலட்சுமி பிறந்த ஊர், டி.எம்.சௌந்தரராஜனின் ஊர். நக்கீரருக்கும் முத்துப்பாண்டிக்கும் நடுவே நாற்பது வருடம்கூட முழுசாக இல்லை.

'கில்லி'க்குப் பிறகு மடை திறந்துவிட்டது. 2004-ம் ஆண்டே தொடங்கி, அடுத்த ஏழெட்டு வருடங்களுக்குத் தமிழ் சினிமாவில் கோபக்காரன் வேண்டுமென்றால் மதுரைக்கு ஆள் அனுப்பினார்கள். ஆனால் அந்த வெள்ளத்தில் வந்த எல்லாப் படங்களையும் ஒரே கூடையில் போடக் கூடாது. பாலாஜி சக்திவேலின் 'காதல்', அமீரின் 'பருத்திவீரன்', சசிகுமாரின் 'சுப்ரமணியபுரம்' மூன்றும் வேறு ஜாதி. 2008-ல் வந்த 'சுப்ரமணியபுரம்' படத்தை இன்றைக்குப் பலர் தாடி, பெல்பாட்டம், அரிவாள் என்று மட்டும் நினைவு வைத்திருக்கிறார்கள். திரும்பப் பாருங்கள். 1980-ன் மதுரையில் வேலைவெட்டி இல்லாத சில பையன்கள், பதவிக்கு ஏங்கும் ஓர் அரசியல் குடும்பத்தின் கையாளாக மாறுகிறார்கள். காரியம் முடிந்ததும் அந்தக் குடும்பம் அவர்களைக் கைகழுவுகிறது. கொலையைத் தூண்டியவன் வீட்டில் பத்திரமாக இருக்க, செய்தவர்கள் சிறைக்குப் போகிறார்கள். படத்தின் கோபம் முழுக்க அந்த வீட்டின் மேல்தான். ஊரின் ரத்தத்திலேயே வன்முறை இருக்கிறது என்று அந்தப் படம் ஒரு இடத்திலும் சொல்லவில்லை.

அந்தப் படங்கள் தங்கள் ஊரைத் தெரிந்தவர்கள் எடுத்தவை என்பதற்கு எட்டாத தூரத்திலிருந்து ஒரு சாட்சி கிடைத்தது. 2012-ல் அனுராக் காஷ்யப் தன் 'கேங்ஸ் ஆஃப் வாஸேப்பூர்' படத்தின் தொடக்கத்திலேயே பாலா, அமீர், சசிகுமார் என்ற மூன்று மதுரைக்காரர்களுக்கு நன்றி சொன்னார். தன் வேரைத் தேடிப் போக இவர்கள்தான் தூண்டினார்கள் என்றார். தன்பாத் பக்கத்து நிலக்கரி ஊர் ஒன்றின் கதையைச் சொல்ல வைகைக் கரையிலிருந்து துணிச்சல் போயிருக்கிறது. நல்ல கலை ஊர் விட்டு ஊர் போவது இப்படித்தான். கதையைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. பார்க்கும் விதத்தை எடுத்துக்கொண்டு போகிறது.

நம் ஊரில் நடந்ததோ நேர்மாறு. பின்னால் வந்தவர்கள் அந்த மூவரின் பார்வையை விட்டுவிட்டுத் தாடியையும் லுங்கியையும் எடுத்துக்கொண்டார்கள். கதாபாத்திரம் வாயைத் திறந்தால் கத்தியது. 'ஏலேய்' என்று நெல்லையையும் 'வந்தாய்ங்க' என்று மதுரையையும் ஒரே வாக்கியத்தில் குழைத்துப் பேசியது. உசிலம்பட்டிக்காரர் பேச்சும், மேலூர்க்காரர் பேச்சும், மாசி வீதிக் கடைக்காரர் பேச்சும் வேறு வேறு என்பது வசனம் எழுதியவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்துகொள்ள ஒரு பஸ் டிக்கெட் போதும்.

நிஜ மதுரையில் பேச்சு எப்படி இருக்கும் என்று கேட்பவர்களை ராத்திரி பதினொரு மணிக்குப் புரோட்டா கடைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். தோசைக்கல்லில் கொத்து போடும் சத்தத்துக்கு மேலே குரல் எழுப்பித்தான் பேச வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு அதுவே சண்டை மாதிரி கேட்கும். உட்கார்ந்திருப்பவரை 'அண்ணே, செத்த அங்குட்டு நகருங்கண்ணே' என்று சொல்லித்தான் பக்கத்தில் இடம் பிடிப்பார்கள். இருபது வயசுப் பையனும் அண்ணன், அறுபது வயசுப் பெரியவரும் அண்ணன். சால்னா கேட்டு இரண்டு முறை கூப்பிட்டும் வராவிட்டால், 'சால்னா உசிலம்பட்டியில இருந்து வருதாண்ணே?' என்பார் ஒருவர். 'அங்க இருந்துதாண்ணே வருது, பஸ்ஸு லேட்டு' என்று பரிமாறுபவர் பட்டென்று திருப்பிக் கொடுப்பார். மொத்தக் கடையும் சிரிக்கும். இந்த எகத்தாளம்தான் மதுரை. கோபத்தைக்கூட நக்கலாக்கித்தான் வெளியே விடும். எதிராளியின் வாயை அடைப்பதற்கு இந்த ஊருக்கு இரும்பு தேவைப்பட்டதே இல்லை.

இதற்குச் சாட்சி வேண்டுமா? வடிவேலு. மதுரை மண்ணிலிருந்து போனவர். 'ஒக்கடு' வந்த அதே 2003-ல் 'வின்னர்' படத்தில் கைப்புள்ளயாக வந்தார். மீசையை முறுக்கி, நெஞ்சை நிமிர்த்தி, பெரிய ரவுடி போலத் திரிந்து, அடி வாங்கி, நொண்டிக்கொண்டே வீடு திரும்பும் மனிதன். மூன்று வருடம் கழித்து 'தலைநகரம்' படத்தில் நாய் சேகராக அதையே இன்னும் ஆழமாகச் செய்தார். வெட்டி வீறாப்பைப் பார்த்தால் மதுரை என்ன சொல்லும் என்பதற்கு இந்த இரண்டு பாத்திரங்களுக்கு மேல் ஓர் உரை எனக்குத் தெரியவில்லை. ஒரு பக்கம் சினிமா மதுரைக்குக் 'கெத்து' என்று ஒரு பட்டம் சூட்டிக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் மதுரையிலிருந்து வந்த கலைஞன், அந்தக் கெத்தின் உள்ளே எவ்வளவு பயம் இருக்கிறது என்று தமிழ்நாட்டுக்கே காட்டிக்கொண்டிருந்தார். நாம் கைப்புள்ளயைப் பார்த்துச் சிரித்துவிட்டு, முத்துப்பாண்டியை ஊரின் முகம் என்று நம்பினோம்.

இந்த முகமூடி மதுரைக்காரர்களின் மானத்தோடு நிற்கும் பிரச்சினை என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அது இரண்டு உண்மைகளை மறைக்கிறது. இரண்டும் இந்த மண்ணில் நடந்தவை, இரண்டிலும் ரத்தம் சிந்தியிருக்கிறது.

முதலாவது, ஒரு கூட்டத்தையே பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்துவது இந்தப் பகுதிக்குச் சினிமா கொண்டுவந்த புதுப் பழக்கமல்ல. வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று வைத்திருந்தான். மதுரைக்கு மேற்கே இருந்த பிறமலைக் கள்ளர்கள் அதன் கீழ் கொண்டுவரப்பட்டார்கள். குற்றம் செய்தாலும் செய்யாவிட்டாலும் ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். ஊரை விட்டுப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். ராத்திரியில் போலீஸ் கண்காணிப்பில் படுக்க வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மாட்டோம் என்று மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3-ம் தேதி அந்த ஊரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரு பெண் உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் நீங்கியது. 'இவன் ஊர் அப்படி, இவன் பிறப்பு அப்படி' என்ற முத்திரையை உயிரைக் கொடுத்து எதிர்த்த மண் இது. அந்த மண்ணின் பிள்ளைகளே இன்றைக்கு அதே முத்திரையைப் பெருமையாக நெற்றியில் ஒட்டிக்கொள்கிறார்கள் என்றால், அதற்குப் பின்னணி இசையும் மெதுவாக நகரும் காமிராவும் செய்த வேலை கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டாவது மேலவளவு. மேலூர் வட்டம், மதுரை மாவட்டம். பட்டியல் சாதியினருக்கென்று ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவிக்கு முருகேசன் ஜெயித்தார். 1997 ஜூன் 30-ம் தேதி, பட்டப்பகலில் அவர் வந்த பேருந்தை மறித்து, அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். தலைவர் நாற்காலியில் ஒரு தலித் உட்காரக் கூடாது என்பதுதான் காரணம். மதுரைப் பக்கம் அரிவாள் நிஜமாகவே எடுக்கப்பட்டது எதற்காக, யார் மேல் என்பதற்கு இது பதில். மதுரைப் படங்களில் பாய்ந்து பாய்ந்து வெட்டிக்கொள்கிறார்களே, அதில் மேலவளவு எங்கே? பெரும்பாலான படங்களில் வெட்டுபவனுக்கும் சாதிப் பெயர் கிடையாது, வெட்டுப்படுபவனுக்கும் கிடையாது. ஆனால் மீசையில் இருக்கிறது, பாட்டில் இருக்கிறது, நெற்றிக் குங்குமத்தில் இருக்கிறது, வீட்டுக் கூடத்தில் மாட்டிய படத்தில் இருக்கிறது. பார்ப்பவர்களுக்கு அது யார் என்று தெரியும். வெளியே சொல்லும்போது மட்டும் 'மதுரை வீரம்' என்று சொல்லிக்கொள்ளலாம். சாதித் திமிருக்கு ஊரின் பெயரைப் போர்வையாகக் கொடுத்ததுதான் இந்தப் படங்கள் மதுரைக்குச் செய்த பெரிய அநியாயம் என்று நான் நினைக்கிறேன்.

இதைத் தமிழ் சினிமாவுக்குள்ளிருந்தே முகத்துக்கு நேரே கேட்டவர் இயக்குநர் மாரி செல்வராஜ். 1992-ல் வந்த 'தேவர் மகன்' பற்றிக் கமல்ஹாசனுக்கு அவர் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதியிருந்தார். பிறகு தன் 'மாமன்னன்' படத்தின் இசை வெளியீட்டு விழாவில், கமல் எதிரே உட்கார்ந்திருக்க, அந்தப் படம் தன்னை எப்படிப் பாதித்தது என்று பேசினார். அவருடைய 'பரியேறும் பெருமாள்' நெல்லைக் கதை, மதுரைக் கதை அல்ல. ஆனால் அந்தப் படத்துக்குப் பிறகு வெறும் வீரம் என்று சொல்லிக் கத்தியைத் தூக்குவது எந்த இயக்குநருக்கும் முன்பு போல் சுலபமாக இருக்காது.

இது மதுரைக்கு மட்டும் நேர்ந்ததா என்றால் இல்லை. வடசென்னைக்கு நேர்ந்தது இதைவிடப் பழசு. மெட்ராஸ் பாஷையைத் திரையில் கொண்டாட வைத்தவர்களில் முதன்மையானவர் ஜே.பி.சந்திரபாபு. 1958-ல் 'சபாஷ் மீனா'வில் இரட்டை வேடம். அதில் ஒன்று ரிக்‌ஷாக்காரர். பேச்சும் உடம்பும் அப்படியே மெட்ராஸ். ஆனால் அவர் பிறந்தது தூத்துக்குடியில், வளர்ந்த நாட்களில் கொழும்பும் உண்டு. வெளியூர்க்காரர் ஒருவர் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு, அன்போடு கேட்டு எடுத்த பேச்சு அது. அவருக்குப் பிறகு அந்தப் பாஷை ரிக்‌ஷாக்காரருக்கும், மீன் விற்கும் அம்மாவுக்கும், கடைசியில் ரவுடிக்கும் என்று ஒதுக்கப்பட்டது. அதே தெருவில் பிறந்த கதாநாயகன் மட்டும் பெரும்பாலும் பத்திரிகைத் தமிழ் பேசினான். கதாநாயகன் வாய்க்கு அந்தப் பாஷை திரும்பி வரப் பா.ரஞ்சித் வர வேண்டியிருந்தது. 2014-ன் 'மெட்ராஸ்' படத்தில் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டிலிருந்து ஐ.டி. கம்பெனிக்குப் போகிற காளி, வீட்டிலும் தெருவிலும் தன் பாஷையிலேயே பேசினான். அவ்வளவுதான் செய்தார்கள். அதுவே தமிழ் சினிமாவில் பெரிய காரியமாக இருந்தது. கொங்குக்காரர்கள் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. அவர்களுடைய 'ங்க'வை மரியாதை என்று மெச்சுகிறார்கள். ஆனால் ஓரிரு படங்களைத் தள்ளிவிட்டால், அதுவும் சிரிக்க வைப்பதற்கென்றே வைத்திருக்கும் பேச்சுதான்.

மதுரையின் கணக்கைத் தீர்க்க மதுரைக்காரர்களே வந்தார்கள். கார்த்திக் சுப்பராஜின் 'ஜிகர்தண்டா'வும் வெளியானது அதே 2014-ல்தான். அதில் ஒரு புது இயக்குநருக்கு ரவுடிக் கதை வேண்டும். தயாரிப்பாளர் ரத்தம் கேட்கிறார். பையன் நேராக மதுரைக்குக் கிளம்புகிறான், நிஜ ரவுடி ஒருவனைப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுத. தமிழ் சினிமா மதுரைக்கு எதற்காகப் போகிறது என்பதை அந்த ஒரு பயணத்திலேயே வைத்துவிட்டார் இயக்குநர். முடிவில் அந்த ரவுடியே நடிக்க வந்து, திரையில் தன்னைப் பார்த்து ஊர் சிரிப்பதைக் காண்கிறான். கைப்புள்ளயின் ஊரில் இது நியாயமான தீர்ப்பு. அசால்ட் சேதுவாக வந்த பாபி சிம்ஹாவுக்குத் தேசிய விருது கிடைத்தது.

எனக்கு அதைவிட நெருக்கமான படம் 2022-ல் வந்த 'கடைசி விவசாயி'. எடுத்தவர் எம்.மணிகண்டன், உசிலம்பட்டிக்காரர். அதே உசிலம்பட்டிச் சீமை. எந்தச் சீமையைக் காட்டி இருபது வருடமாக நம்மைப் பயமுறுத்தினார்களோ அந்தச் சீமை. மாயாண்டி என்ற கிழவர் குலசாமிக்குப் படைக்க நெல் விளைவிக்கிறார். தோட்டத்தில் செத்துக் கிடந்த மயில்களைப் புதைத்ததற்காக அவர்மேல் கேஸ் போடுகிறார்கள். நீதிமன்றத்தில் நிற்கும்போது அவருக்குக் கவலை, நட்ட பயிருக்கு யார் தண்ணி விடுவது என்பது மட்டும்தான். நீதிபதி ஒரு போலீஸ்காரரை அனுப்பி அந்தப் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சச் சொல்கிறார். காக்கிச் சட்டையும் மண்வெட்டியுமாக அந்தப் போலீஸ்காரர் வரப்பில் நிற்பதைப் பார்த்தபோது, எங்கள் பக்கத்து மனிதர்களைத் திரையில் கண்டு நான் வாய்விட்டுச் சிரித்தது பல வருடங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான். மாயாண்டியாக நடித்த நல்லாண்டி அந்தப் பகுதி விவசாயி. தன் பேச்சையே பேசினார், தன் நடையையே நடந்தார். படம் வெளிவருவதற்கு முன்பே காலமாகிவிட்ட அவருக்கு, 69-வது தேசிய விருதில் சிறப்புக் குறிப்பு அறிவித்தார்கள்.

மணிகண்டன் ஒருவர் திறந்த கதவு வழியாக இன்னும் பலர் போகலாம். மதுரையில் தெற்கு மாசி வீதியைத் தாண்டினால் வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசும் குடும்பங்கள் தெருத் தெருவாக இருக்கின்றன. நூலால் புள்ளி புள்ளியாக முடிச்சுப் போட்டு, சாயத்தில் நனைத்து, சுங்குடிச் சேலை செய்கிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பேச்சு, கூலி, கல்யாணம், கோபம் எதுவும் திரைக்குப் போதுமான அளவு வரவில்லை. மேலவளவு முழுப்படமாக வர வேண்டும், சாதிப் பெயரை மறைக்காமல். பெருங்காமநல்லூர் வர வேண்டும். இவையெல்லாம் மதுரைக் கதைகள். கர்நூலிலிருந்து இரவல் வாங்கத் தேவையில்லாதவை. மதுரையில் கதை தேடும் புது இயக்குநர் யாராவது இதைப் படித்தால், ரவுடியின் விலாசம் கேட்காமல் இந்தத் தெருக்களின் விலாசம் கேட்டு வாருங்கள். கூட வந்து காட்டுவதற்கு என்னைப் போல எத்தனையோ மதுரைக்காரர்கள் இருக்கிறோம்.